சுவர் ஏறி வந்த தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாத மத்தியானம். என் கணவர் பணி ஓய்வு பெற்றிருந்த நேரம். ராயப்பன்பட்டியில் குடியிருக்கும் நாங்கள், வந்த பணத்தில் தேனிப் பக்கம் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று அலைந்துகொண்டிருந்தோம். பிள்ளைகள் கையை எதிர்பார்க்காமல் கடைசிவரை சாப்பிட அந்த வாடகைதான் என்பதால், எங்கே வாங்குவது என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து.

"ஊருக்குள்ள அல்லிநகரத்துல வாங்கிப் போட்டா ஒரு நாள் கூடப் பூட்டிக் கிடக்காது" என்பார் அவர். அங்கே பார்த்த வீடு தீப்பெட்டி மாதிரி இருந்தது. எனக்கோ போடி சாலையில், ஊருக்கு வெளியே புதிதாக வந்த நகரில் ஒரு வீட்டின் மேல் கண். நல்ல காற்று, மாடியில் நின்றால் மலை.

அந்த வீட்டைப் பார்க்கப் போனோம். வாடகைக்கு இருந்த பெண், ஆஸ்பத்திரி நர்ஸ், கதவைத் திறந்தார். புரோக்கர் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே போனதும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, "அம்மா, இந்த வீட்டு போர்ல மாசி பொறந்தா தண்ணி வராது. புரோக்கர் சொல்லியிருக்க மாட்டாக" என்றார்.

என் கணவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "கேட்டியா? வா, அல்லிநகரத்துக்கே அட்வான்ஸ் குடுத்துருவோம்" என்று செருப்பை மாட்டிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இருங்கய்யா, பாதிதான் சொல்லியிருக்கேன்" என்று அந்தப் பெண் எங்களை மாடிக்குக் கூட்டிப் போனார். தெருக்கோடி வீட்டிலிருந்து ஒரு பச்சை ரப்பர் குழாய் கிளம்பி, சுவர் சுவராக ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டுத் தொட்டி நிறைந்ததும் அந்த வீட்டுக்காரர் குழாயைத் தூக்கி அடுத்த சுவருக்கு மேல் போட்டார். ஒரு வீட்டில் ஆளே இல்லை. பக்கத்து வீட்டு அம்மா சுவர் வழியே கையை நீட்டி அந்தத் தொட்டியையும் நிரப்பினார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, சத்தமில்லை.

"கோடி வீட்டு போர் மட்டும் வத்தாது. நான் வந்ததுல இருந்து இப்படித்தான் குடுக்காக. அங்கன ஒத்தப் பைசா வாங்க மாட்டாக."

பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வீடு கைமாறினால் வாடகை ஏறும், காலி செய்யவும் சொல்வார்கள். முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் ஓடியே போயிருப்போம், அந்தப் பெண்ணுக்கும் நிம்மதி. அதை அவரிடம் கேட்டே விட்டேன்.

"தண்ணி இல்லன்னு மட்டும் சொல்லி உங்கள அனுப்பிட்டு, சாயங்காலம் அவக தண்ணிய எப்படிம்மா குடிப்பேன்?" என்றார்.

சற்று நேரத்தில் அந்தக் குழாய் இந்த வீட்டுச் சுவருக்கு வந்தது. ஓடிப் போய் அதைப் பிடித்து இழுத்தவர் என் கணவர். அதோடு அல்லிநகரம் பேச்சு நின்றது.

அந்தப் பெண் இன்றும் அங்கேதான் குடியிருக்கிறார். காலி செய்யச் சொல்ல எங்களுக்கு எப்படி வாய் வரும்? கோடையில் அங்கே போய் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போதெல்லாம், இப்படிப்பட்ட மனிதர்களுக்கு நடுவில் நமக்கும் ஒரு சுவர் இருக்கிறதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிடுகிறது.