மத்தைக் கடித்துக் கேட்ட மெட்டு

விழுப்புரத்தில் காது டாக்டரைப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கினேன். மகள் வெடுக்கென்று கையைப் பிடித்து இழுத்தாள்.

"லாரி ரிவர்ஸ்ல வந்துக்கினு இருக்குது. பாட்டு கேக்கலயாப்பா?"

கேட்டது, எங்கேயோ தூரத்தில். ரிவர்ஸ் எடுக்கும் வண்டிகள் பாடும் அதே பியானோ மெட்டு.

அதை அப்பா ஞாயிறுகளில் திண்டிவனத்தில் சர்ச் ஆர்மோனியத்தில் வாசிப்பார். மற்ற நாளெல்லாம் அவருக்கு ரைஸ் மில். அந்த இரைச்சலில் காது மந்தமானபோது, பாதிரியார் ஆறுதலாக ஒரு கதையை உரக்கச் சொன்னார். அந்த மெட்டை எழுதிய ஜெர்மன்காரரும் செவிடாகிப் போனவராம். அந்தக் காலத்தில் காதுக்கு மெஷின் ஏது? பேச வந்தவர்கள் தாளில் எழுதிக் காட்டுவார்களாம். அவரோ ஒரு குச்சியைப் பல்லில் கடித்து, மறுமுனையைப் பியானோவில் ஊன்றித் தன் இசையைக் கேட்பாராம்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அடுத்த ஞாயிறு, மோர் வாடை போகாத மத்தைச் சர்ச்சுக்கே எடுத்து வந்துவிட்டாள். அப்பா அதன் காம்பைக் கடித்து, மத்தின் தலையை ஆர்மோனியத்தில் ஊன்றி, கண்ணை மூடி வாசித்தார்.

அவர் கண் திறந்ததும், "கேக்குதாங்க?" என்று அம்மா வாயசைத்தாள்.

அப்பா மத்தை எடுத்தார். "மில்லு ஓடற சத்தந்தான் கேக்குது. இன்னிக்கி மில்லு லீவாச்சே."

நானும் அதே மில்லுக்குத்தான் வேலைக்குப் போனேன். அதை இடித்து இப்போது கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள்.

லாரி நின்றது. "பாட்டு நின்னுடுச்சி, வாப்பா," என்றாள் மகள்.

என் காதில் மில் ஓடிக்கொண்டிருந்தது.