எழுதாத விருந்தாளிகள்

ஓய்வு பெற்றபின், அமெரிக்காவில் ஊருக்கு ஒருவராகக் குடியேறிவிட்ட பழைய யாங்கோன் நண்பர்களைப் பார்க்க நானும் என் மனைவியும் கிளம்பினோம். முதல் வீட்டில் நுழைந்ததுமே அவள் கேட்டாள்: "எங்களை வார்டு ஆபீஸ்ல எழுதிட்டீங்களா, அண்ணே?"

பர்மாவில், எங்கள் யாங்கோனில், விருந்தாளி தங்கினால் வார்டு ஆபீஸில் பெயரை எழுதியாக வேண்டும். வாசலில் செருப்பு கூடுதலாகக் கிடந்தாலே சோதனைக்காரர்கள் நுழைவார்கள். வீட்டுக்காரரும் கம்பி எண்ணுவார்.

நண்பர் சிரித்தார். "அதெல்லாம் இங்க கெடையாதும்மா. நான் வந்தே இருபது வருசமாச்சு."

இவருக்கு எல்லாம் மறந்துவிட்டது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வந்தது பார்சல்காரர்தான். ஆனால் அது தெரியுமுன், கதவருகே கிடந்த எங்கள் செருப்புகளை நண்பர் காலாலேயே அலமாரிக்கடியில் தள்ளிவிட்டிருந்தார்.