கம்பெனிக்குப் பதிலாக ஒரு கையெழுத்து

போன வாரம் ஓசூர் தபால் ஆபீசில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர் கவர் மேல் அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கருகல் வாசனை மூக்கில் ஏறியதும், இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு பூட்டு கண்முன் வந்து தொங்கியது. துணி சுற்றி, அரக்கு வைத்து, முத்திரை குத்திய பூட்டு. எங்கள் கம்பெனிப் பூட்டு.

அங்கே நான் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதுவது என் வேலை. நான் எத்தனை மணிக்கு வந்தேன் என்று எழுத ஆள் கிடையாது. அதனால்தான் அந்த வேலையில் நாலு வருஷம் தாக்குப்பிடித்தேன். மோட்டார் பைக்குக்குப் பல்சக்கரம் செய்கிற கம்பெனி. முதலில் ஆர்டர் நின்றது, பிறகு ஷிப்டு நின்றது, கடைசியில் கேண்டீன் டீயும் நின்றது. டீ நின்ற அன்றுதான் எனக்கு நிஜமாகவே கவலை வந்தது.

கம்பெனியை மூடச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போட்டது. கூடவே, சொத்தை விற்றுக் கணக்கை முடிக்க லிக்விடேட்டர் வரப்போகிறார் என்றார்கள். ஜப்தி பண்ண வரும் முரட்டு ஆசாமியாக இருக்கும் என்று பயந்து, மேஜை டிராயரில் இருந்த கடலைமிட்டாயை முன்கூட்டியே தின்று தீர்த்தேன்.

வந்தது லிக்விடேட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. சென்னையிலிருந்து பஸ்சில் வந்த இடுப்புவலி, ஒரு சாப்பாட்டுக்கூடை, ஒரு கட்டு நம்பர் ஸ்டிக்கர். இவ்வளவுதான் ஆயுதம். ஒவ்வொரு ஷெட்டாகக் கணக்கெடுத்துப் பூட்டி அரக்கு வைப்பார்.

"டைம் ஆபீஸ், கொஞ்சம் எழுந்திருங்க. நாற்காலிய எண்ணணும்."

எழுந்தேன். ஒட்டினார். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று எனக்குத்தான் தெரியும் என்பதால், கணக்கெடுப்பு முடியும்வரை கூட இருக்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் முருகேசன் அண்ணன் வந்தார். கோவில்பட்டிக்காரர், லேத் ஷாப்பில் பன்னிரண்டு வருஷம். வேறொரு கம்பெனியில் வேலை தயாராக இருந்தது; ரிலீவிங் லெட்டர் மட்டும் கேட்டிருந்தார்கள். அதை அம்மா வந்த முதல் நாளே நான் டைப் அடித்து, ஃபேக்டரி மேனேஜரை வீட்டில் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருந்தேன். பெரிய உபகாரம் செய்த மிதப்பு வேறு.

"ஏ தம்பி, ஒன் லெட்டரத் தூக்கிப் போட்டுட்டான்டா. கோர்ட்டு ஆர்டருக்குப் பொறவு மேனேசருக்குக் கையெழுத்துப் போட அதிகாரமே கெடையாதாம். நான் என்னமோ திருட்டு லெட்டர் கொண்டாந்த மாதிரி பாக்கான். திங்கக்கெழமைக்குள்ள சரியான லெட்டர் வரலன்னா வேற ஆளப் போட்டுருவாங்களாம்."

அம்மா எண்ணுவதை நிறுத்தவில்லை. "அவங்க சொன்னது சரிதான். ஆர்டர் வந்த அன்னைக்கே டைரக்டர் இல்ல, மேனேஜர் இல்ல. உங்க எல்லாருக்கும் வேலை முடிஞ்சதுக்கு அந்த ஆர்டரேதான் நோட்டீஸ்."

"அப்ப கம்பெனின்னு இப்ப யாருதாம்மா இருக்கா?"

"லிக்விடேட்டர்தான். சாவி, முத்திரை, ரிஜிஸ்டர் எல்லாம் அவர்கிட்டதான். இருக்கறத வித்து, யாருக்கு முதல்ல, யாருக்கு அப்புறம்னு சட்டப்படி குடுத்துட்டு, கடைசியில கம்பெனியே கலைஞ்சாச்சுன்னு கோர்ட்டுல முடிச்சு வைப்பாரு. அதுவரைக்கும் கம்பெனி வாயத் தொறக்கணும்னா அவரு மூலமாத்தான்."

"கொஞ்சம் தொறக்கச் சொல்லுங்கம்மா. ரெண்டு பிள்ளேளு பள்ளிக்கூடம் போவுது."

அம்மா ஸ்டிக்கர் கட்டைக் கீழே வைத்தார். வருகைப் பதிவேட்டைக் கேட்டு, பன்னிரண்டு வருஷத்தையும் புரட்டிப் பார்த்தார். என்னை டைப் அடிக்கச் சொன்னார். கம்பெனி பெயருக்குக் கீழே 'கலைப்பில் உள்ளது' என்று கட்டாயம் இருக்க வேண்டுமாம். சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது லெட்டரையும் எடுத்துப்போனார். திங்கள் காலை, அண்ணன் பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்து, லிக்விடேட்டர் கையெழுத்தோடு அதை வாங்கிக்கொண்டார். கூடவே நானும் நின்றேன், குற்ற உணர்ச்சியில்.

"என்னடா இது, செத்தவன் எழுதுன மாதிரி இருக்கு?"

"செத்தவன் பொய் சொல்ல மாட்டாண்ணே. நம்பிருவாங்க."

நம்பினார்கள். அன்றைக்கே வேலையில் சேர்ந்தார்.

விஷயம் பரவி, மற்றவர்களும் வந்தார்கள். வாரா வாரம் அம்மா கூடையில் ஒரு கட்டு லெட்டர் சென்னைக்குப் போய்வந்தது. எல்லாருக்கும் டைப் அடித்தேன். கடைசி ஷெட்டுக்கும் அரக்கு வைத்தானதும், கூடையைத் தூக்கிப்போய் அம்மாவை பஸ் ஏற்றிவிட்டுக் கையாட்டினேன். எனக்கு ஒரு லெட்டர் அடித்துக்கொள்ளத் தோன்றவே இல்லை.

கிருஷ்ணகிரி மாங்கூழ் யூனிட்டில் சேர்ந்தேன். அங்கே லெட்டர் கேட்கவில்லை. தெலுங்கு வருமா என்றுதான் கேட்டார்கள். பல வருஷம் கழித்து ஒரு பெரிய கம்பெனியில் பழைய வேலைக்கெல்லாம் அத்தாட்சி கேட்டார்கள். லிக்விடேட்டர் ஆபீசுக்கு எழுதிப் போட்டேன். மரியாதையான பதில் வந்தது: கம்பெனியைக் கோர்ட் முழுதாகக் கலைத்துவிட்டது, லிக்விடேட்டரின் பொறுப்பும் முடிந்தது, அதன் சார்பில் கையெழுத்திட இனி யாருமில்லை. அந்த அம்மாவும் ரிட்டயராகிவிட்டாராம். கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்திருந்தது. முருகேசன் அண்ணனைக் கூப்பிட்டால் ஓடிவந்து சாட்சி சொல்வார்தான். அதற்கு அவர்களுடைய ஃபாரத்தில் கட்டம் இல்லை.

ஹெச்.ஆர். பெண் பேனாவோடு காத்திருந்தாள். "இந்த நாலு வருஷம் என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?"

"சும்மாதான்மா இருந்தேன்" என்றேன்.

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.