தேங்காய்க்குப் பிறகு மன்னி

அண்ணா மஸ்கட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்த மன்னி, தலையை நிமிர்த்தாமலே என்னிடம் கேட்டாள்: “ஏன்டீ, அவருக்கு என் மூஞ்சி ஞாபகம் இருக்குமோ?”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான். கல்யாணமாகி நாற்பது நாள் முடிவதற்குள் அண்ணா கிளம்பிவிட்டான். அந்த நாற்பது நாளும் மட்டாஞ்சேரியில் இருந்த எங்கள் சின்ன வீட்டில் விருந்தாளிகள் கால் வைக்க இடமில்லாமல் நிறைந்திருந்தார்கள். பகலில் புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பார்த்துப் பேசினாலே யாராவது தொண்டையைக் கனைப்பார்கள். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் மன்னியின் வகிடும் நெற்றிச்சுட்டியும்தான் தெரியும். அண்ணாவும் அதையேதான் கடிதத்தில் எழுதியிருந்தான். நிமிர்ந்து பார்க்கிற மாதிரி ஒரு படம் வேண்டுமாம்.

கடைத்தெரு ஸ்டுடியோவுக்குப் போக அம்மா சம்மதிக்கவில்லை. “அங்கே இருக்கறவன் தாடையைப் பிடிச்சுத் திருப்புவன். அதெல்லாம் வேண்டாம் கேட்டியோ,” என்று முடித்துவிட்டாள்.

“நான் எடுக்கறேன்,” என்றேன் நான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தேயிலை ஏலத் தரகர் ஆபீசில் டைப்பிஸ்ட். மாற்றலாகிப் போன ஒரு சக ஊழியர் தன் பழைய இரட்டைக் கண் காமிராவை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். மேலேயிருந்து குனிந்து பார்க்க வேண்டும். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். அதில் நான் படகுத்துறைக் காக்கைகளை ஏராளமாக எடுத்திருந்தேன். காக்கை எடுத்தவளுக்கு மன்னியை எடுப்பது பெரிய காரியமா என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

முதல் இடைஞ்சல் வெளிச்சம். எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் சுக்கு, மிளகு அடைத்த கிட்டங்கிகள். பட்டப்பகலில்கூட கூடத்தில் விளக்குப் போட்டுத்தான் அரிசியில் கல் பொறுக்குவோம். முற்றத்தில் எடுக்கலாமென்றால் கிட்டங்கிச் சுமைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஆகவே எர்ணாகுளத்துக்குப் படகில் போய் ஐந்நூறு வாட் பல்பு இரண்டு வாங்கி, திரும்பும் வழியெல்லாம் கைக்குழந்தைகளைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஆபீசில் யாரோ போட்டுவிட்டுப் போன ஓர் ஆங்கிலப் புகைப்படப் புத்தகம்தான் எனக்குத் துணை. அதில் ஒரு வெள்ளைக்காரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். எந்த விளக்கை எந்தக் கோணத்தில் வைத்தால் அவள் மூக்கின் நிழல் எங்கே விழும் என்று படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். மன்னியை எடுத்த எடுப்பில் அந்தச் சூட்டில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் உரித்த தேங்காயைக் குடுமியோடு ஒரு சொம்பின் மேல் உட்காரவைத்தேன். குடுமிதான் மூக்கு. விளக்கை நேராக வைத்தால் தேங்காய் தோசையாகிவிடும். கீழே வைத்தால் பேயாகிவிடும். சற்று மேலே, ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்ததும் அது திடீரென்று உருண்டு திரண்டு, யாரோ நமக்குத் தெரிந்த ஆளைப்போல ஆகிவிட்டது. அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், பின்னால் முதல் சம்பள உயர்வு வந்தபோதுகூட ஏற்படவில்லை.

“தேங்காயைச் சட்னிக்குத் தருவியா, இல்லை அதுக்கும் ஜாதகம் பார்க்கணுமா?” என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள்.

இன்னொரு பக்கத்து நிழலைக் குறைக்க வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் பலகை வேண்டும் என்றது புத்தகம். ஆபீசில் தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே ஒட்டிவரும் ஈயத்தாளுக்குப் பஞ்சமே இல்லை. அதைச் சுருக்கமில்லாமல் நீவி ஓர் அட்டையில் ஒட்டினேன். விளக்குச் சூட்டில் அதிலிருந்து தேயிலைத் தூளின் வாசனை வந்தது. கூடம் முழுக்கச் சாயாக்கடை மாதிரி மணத்தது. வெளிச்சத்தை மென்மையாக்க அண்ணாவின் மல் வேட்டியைத் திரைபோல் கட்டி, பல்பை அதற்குப் பின்னால் வைத்தேன். கொஞ்சம் கிட்டத்தில் வைத்துவிட்டேன். வேட்டியில் அப்பளம் அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்தது. மூன்று தடவை ஃபியூஸ் போனது. மூன்று தடவையும் அம்மா ரேடியோவில் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் திட்டியதை இங்கே எழுதுவதற்கில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மன்னி உட்கார்ந்தாள். தலை வாரி, மல்லிகை வைத்து, குங்குமம் இட்டு, சிவப்புக் கரை போட்ட புடவை கட்டியிருந்தாள். விளக்கைப் போட்டதும் கண்ணைச் சுருக்கினாள், பிறகு பழகிவிட்டது. “நிமிர்ந்து பாரு மன்னி. காமிராவை அண்ணான்னு நினைச்சுக்கோ.” அப்படிச் சொன்னதும் உடனே குனிந்துவிட்டாள். பன்னிரண்டு படம் கொண்ட கறுப்பு வெள்ளைச் சுருளில் எட்டு இப்படியே போயிற்று. ஒன்பதாவதில் எதையோ மறந்துபோய் நேராகப் பார்த்தாள். நான் பட்டனை அழுத்தினேன்.

சுருளைத் தோப்பும்படியில் ஒரு லேபில் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஒன்பதாம் படத்தில் இரண்டு பிரதிகள் கிடைத்தன. மன்னி அண்ணாவுக்கு எழுதிய கடிதத்தை ஒட்டாமல் என்னிடம் கொடுத்திருந்தாள். “முதல்ல இங்கே கொண்டுவா, நான் பார்த்தப்பறம் அனுப்பலாம்,” என்றும் சொல்லியிருந்தாள். ஆனால் படத்தைப் பார்த்த எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கன்னத்தில் புத்தகத்தில் சொன்ன அதே முக்கோண வெளிச்சம்! மூக்கின் நிழல் உதட்டைத் தொடாமல் நின்றது! வீட்டுக்குப் போய்த் திரும்பினால் தபாலாபீஸ் மூடிவிடும், மறுநாள் ஞாயிறு. இரண்டு நாள் வீணாவதா என்று ஒரு பிரதியை உறைக்குள் போட்டு, ஒட்டி, ஏர்மெயிலில் சேர்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

வீட்டில் மிச்சப் பிரதியை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் பாராட்டுக்காக நின்றேன்.

“என்னடீ இது! நெத்தி பாழாயிருக்கு!”

வாங்கிப் பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. குங்குமம் இட்ட சுவடே இல்லை. புடவையின் சிவப்புக் கரையும் இல்லை. உதடும் வெளிறிக் கிடந்தது. நான் கடைசிவரை வெளிச்சத்தைத்தான் பார்த்தேன். மன்னியைப் பார்க்கவே இல்லை.

ஒரு பிரதி போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று சொன்னதும் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்காணாத ஊரில் இருக்கும் பிள்ளைக்கு, பொட்டில்லாத பெண்டாட்டி படம். அவள் வாயால் அதற்குமேல் சொல்ல முடியவில்லை. “தந்தி அடி! கவரைப் பிரிக்காதேன்னு தந்தி அடி!” என்றாள். தந்தி என்றாலே அண்ணாவுக்கு உயிர் போய்விடும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். மன்னி படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நான் பொட்டை அழிச்சுண்டு போய் உக்காந்தேன்னு நினைச்சுப்பரே,” என்றாள். “கோபத்துல பண்ணினேன்னு தோணும். வேணும்னுட்டே அனுப்பினேன்னு தோணும்.”

அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. காக்கை எடுத்த கையோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. கறுப்புக் கண்மை படத்தில் அப்படியே இருக்கிறது, சிவப்பெல்லாம் எங்கே போயிற்று? ஒரு வெள்ளைத் தட்டில் வற்றல் மிளகாய், பச்சை மிளகாய், ஒரு விரல் குங்குமம், ஒரு விரல் கறுப்புச் சாந்து என்று வரிசையாக வைத்தேன். ஐந்நூறு வாட்டில் ஒரு படம், முற்றத்து வெயிலில் ஒரு படம் எடுத்து, திங்கட்கிழமை லேபுக்கு ஓடினேன். லேப்காரர் பிரதியை வரனுக்கு அனுப்பும் படம்போலக் கையில் பிடித்துக்கொண்டு, “எந்தா சேச்சி, மொளகாய்க்குக் கல்யாண ஆலோசனையா?” என்று கேட்டார்.

பதில் அதில் இருந்தது. வெயிலில் வற்றல் மிளகாய் கறுத்துத் தெரிந்தது. பல்பு வெளிச்சத்தில் அது பச்சை மிளகாயைவிட வெளுத்துப்போயிருந்தது. குங்குமம் தட்டோடு தட்டாகியிருந்தது. கறுப்புச் சாந்து மட்டும் இரண்டிலும் அசையாமல் நின்றது. அந்தப் பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பே அதிகம். அந்த வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளைச் சுருளில் சிவப்புப் பொருளெல்லாம் வெளுத்துவிடும். புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். உதட்டுச் சாயம் பற்றி ஒரு பக்கம் முழுக்க இதைத்தான் எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் யார் உதட்டுச் சாயம் பூசுகிறார்கள் என்று அந்தப் பக்கத்தை நான் படிக்காமலே தாண்டியிருந்தேன்.

மறுபடி மன்னியை உட்காரவைத்தோம். இந்தத் தடவை அம்மா யாரையும் நம்பவில்லை. தானே சாந்துக் குப்பியோடு வந்து மன்னியின் நெற்றியில் வட்டம் போட்டாள். போதாதென்று பெரிதாக்கினாள். “மஸ்கட்டுலேர்ந்து பார்த்தாலும் தெரியணுமாக்கும்,” என்று இன்னும் ஒரு சுற்றுப் போட்டாள். முடித்தபோது அது ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வந்திருந்தது. மன்னி கண்ணாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “அம்மா, மதி, மதி! போறும்!” என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

நான் தயாராக இருந்தேன். ஒரே ஒரு பல்பு, தூரத்தில் வேட்டி, மறுபக்கம் ஈயத்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே சிக்கியது. என் வாழ்நாளில் நான் எடுத்த மிகச் சிறந்த முகம் அதுதான். இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன். அம்மா பிரதியைக் கையில் வாங்கி முதலில் பொட்டைப் பார்த்தாள், பிறகுதான் மருமகளைப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் விளக்கி, வற்றல் மிளகாய்ப் படத்தையும் அத்தாட்சியாக உள்ளே வைத்து அன்றே அனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் கடிதம் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மன்னி கையிலிருந்ததை வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடருவாள். நான் ஆபீசிலிருந்து வந்ததும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன். அம்மா சாந்து விஷயத்தைப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

கடிதம் வந்தபோது மன்னி அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அரைமணி நேரம் கழித்து வந்து, ஒரு பக்கத்தை மட்டும் என்னிடம் நீட்டினாள். “அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்,” என்றாள்.

இரண்டாவது படம் பிரமாதம் என்று அண்ணா எழுதியிருந்தான். கூட இருப்பவர்கள் எல்லாரும் பார்த்தார்களாம், சுவரில் மாட்டியிருக்கிறானாம். எனக்குத் தலை கிறுகிறுத்தது. அடுத்த வரிகளை நான் இன்னும் மறக்கவில்லை: “முதல் படத்தை யாருக்கும் காட்டலை, தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். நீ பொட்டு இட்டுக்கொள்ளாத ஆளில்லை என்று எனக்குத் தெரியாதா? நான் கிளம்பும்போது அம்மா பெட்டியில் வைத்த குங்குமம் இருந்தது. படத்தில் நானே இட்டுவிட்டேன். விரல் பட்டுப்பட்டு அழிகிறது. அதனால் தினம் வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை இடுகிறேன்.”

என் சாதனை சுவரில் தொங்குகிறது, என் தப்பை அவன் தலையணைக்கடியில் வைத்திருக்கிறான். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய சந்தோஷத்தில், அந்தத் தாளைப் பிடித்தபடி நான் மன்னியைக் கட்டிக்கொண்டேன். அவள் அன்று முழுக்க அடுக்களையில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மாவிடம் எப்போது சொன்னாள், என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் பள்ளுருத்தியிலிருந்து ஒருவர் மஸ்கட்டுக்குப் போவதாகத் தெரிந்து, அம்மா எலுமிச்சங்காய் ஊறுகாயும் முறுக்கும் கட்டினாள். கட்டி முடித்த பிறகு எழுந்து பூஜை அறைக்குப் போய், இரண்டு கை கொள்ளும் அளவுக்குக் குங்குமம் மடித்துக்கொண்டு வந்தாள்.

“இவ்வளவு எதுக்கும்மா?” என்றேன்.

“அவனுக்குத் தீர்ந்துபோயிருக்கும்,” என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை முறுக்குக்கு நடுவில் பத்திரமாகச் செருகினாள்.