சரியக்காவின் ஒப்புதல்

அலுவலகத்தில் அவளுக்குச் 'சரியக்கா' என்று பெயர். வைத்தவன் வேலையை விட்டுப் போய் ஆறு வருடமாகிறது, பெயர் போகவில்லை.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி அது. யார் எதை மாற்றினாலும் இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி. எல்லோரும் அவளுக்கே அனுப்பினார்கள். அவள் கேள்வி கேட்கமாட்டாள்; எதற்கும் 'சரி'தான். தேநீர் ஆறுவதற்குள் பச்சைக் குறி விழுந்துவிடும். பதினேழு வருடம் இப்படிப் போனதில், சொன்னதைச் செய்வதுதான் வேலை தெரிந்தவருக்கு அழகு என்று அவளே நம்பிவிட்டாள். யாரும் அவளைத் திட்டியதில்லை. சாப்பிடக் கூப்பிட்டதும் இல்லை.

அந்த வியாழக்கிழமை வந்த மாற்றம் எட்டே வரி. சேர்த்துக் கொடுக்கக் கூடாத இரண்டு மருந்துகளை டாக்டர் எழுதினால் திரையில் சிவப்பு எச்சரிக்கை வரும். சில சமயம் அந்தச் சரிபார்ப்பு தாமதமாகும். மூன்று விநாடிக்குள் முடியாவிட்டால் அதை விட்டுவிட்டு மேலே போ என்றன அந்த வரிகள். திங்கட்கிழமை வாடிக்கையாளர் பார்க்க வருகிறார். திரை திணறக் கூடாது.

அன்று அவள் படித்ததற்குப் பெரிய விழிப்பு ஒன்றும் காரணமில்லை. இணையம் மந்தமாக இருந்ததால் ஒப்புதல் பொத்தான் வர நேரமெடுத்தது. சும்மா இருந்த கண் வரிகளில் விழுந்தது.

எழுந்து மேனேஜரிடம் போனாள். அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

"எச்சரிக்கை விட்டுப்போனது டாக்டருக்கே தெரியாதே, சார்?"

"எப்பவாவது ஒரு தடவைதான்க்கா. திங்கட்கிழமை தாண்டட்டும், பாத்துக்கலாம். நீங்களுமா கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்டீங்க? உங்களை நம்பித்தானே எல்லாத்தையும் உங்க தலையில கட்டறோம்."

'சரி' தொண்டை வரை வந்தது. "இதுக்கு நான் ஒப்புதல் போடமாட்டேன்" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. அவள் பெயரை எடுத்துவிட்டு எதிர் வரிசைக்காரர் பெயரைப் போட்டார். ஒரு நிமிடத்தில் பச்சை விழுந்தது.

வீட்டுக்கு வந்து தன் அக்காவுக்கு ஃபோன் செய்து சொன்னாள். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்ட அக்கா, அப்படியானால் விட்டுத் தொலை என்றாள்.

திங்கட்கிழமை நன்றாகவே போயிற்று. அதன் பிறகு அவளுக்கு யாரும் எதையும் அனுப்பவில்லை. இதை வீரம் என்று அவள் நினைத்துக்கொள்ளவில்லை. இதற்கு முன் படிக்காமல் எத்தனைக்குப் பச்சை போட்டோம் என்பதே உறுத்தியது.

பத்தாம் நாள் தானே ஒரு மாற்றம் எழுதினாள். அந்தச் சரிபார்ப்பு முடியாமல் போனால், 'மருந்துகள் சரிபார்க்கப்படவில்லை' என்று திரை சொல்லும். அவ்வளவுதான். இதற்கும் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். எல்லோரும் அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவள் யாருக்கும் அனுப்பிப் பழக்கமில்லை. கடைசியில் எதிர் வரிசைக்காரருக்கே அனுப்பினாள்.

தேநீர் ஆறியது. பச்சை வரவில்லை. சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: "இது எதுக்குக்கா?"

இரண்டு முறை படித்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு பதில் எழுத ஆரம்பித்தாள்.