வரப்பில் நின்று கேட்ட கேள்வி

சென்ற ஆண்டு குறுவை நடவு நடந்துகொண்டிருந்த சமயம். திருவாரூர் பக்கத்தில் எங்கள் ஊர். காசநோய்க்கு ஆறு மாத மாத்திரையை நான் அப்போதுதான் முடித்திருந்தேன். "பக்கத்துத் தெருவுல ஒரு அக்கா ரெண்டு மாசமா சாப்பிடுது. நீ சாப்பிட்டு முடிச்சவ, விட்டுடாம பாத்துக்க" என்றார் சுகாதார நிலைய நர்ஸ். கேட்க வேண்டுமா? போனில் அலாரம், சுவரில் ஒட்ட அட்டவணை, எல்லாம் அன்றைக்கே தயார். எனக்கும் அந்த நோய் வந்ததை மட்டும் அக்காவிடம் சொல்லவில்லை. ஊரிலும் கல்லூரியிலும் மஞ்சள் காமாலை என்றே சொல்லிவைத்திருந்தோம்.

ஒருநாள் அக்கா போனை எடுக்கவில்லை. நேரே வயலுக்கு ஸ்கூட்டியை விட்டேன். வரப்பில் நின்றபடி, "அக்கா, டிபி மாத்திரை போட்டாச்சா?" என்று கத்தினேன். குனிந்து நட்டுக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் நிமிர்ந்தார்கள். அக்கா மட்டும் நிமிரவில்லை.

மறுநாள் அவரை நடவுக்குக் கூப்பிடவில்லை. நான் போனபோது மாத்திரை அட்டையை என் கையில் திணித்தார். "இதால பொழப்பே போச்சு. நீயே வச்சுக்க." கதவைச் சாத்திவிட்டார். அடுத்த இரண்டு நாளும் திறக்கவில்லை. பாதியில் நிறுத்தினால் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பும் என்பது எனக்குத் தெரியும்.

அதற்கடுத்த நாள், நடவுப் பெண்கள் டீ குடிக்கக் கரையேறும் நேரம் பார்த்துப் போனேன்.

"எனக்கு வந்ததும் டிபிதாங்க."

நடவுக்கு ஆள் கூட்டிவரும் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காமாலைன்னுல்ல உங்கம்மா சொன்னுச்சு?"

"பொய்ங்க."

"அடிப்பாவி, நான் கீழாநெல்லி வேற பறிச்சுக் குடுத்தேனேடி!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாத்திரையை விடாமல் சாப்பிட்டுவந்தால் மற்றவர்களுக்குத் தொற்றாது என்று டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்.

ஆள் கூட்டிவரும் அம்மா டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "நாளைக்கு ஆறு மணிக்கு வரச் சொல்லு. மாத்திரையப் போட்டுட்டு வரச் சொல்லு. நீ இனிமே வரப்புல நின்னு கத்தாத" என்றார்.

அக்கா வீட்டு ஜன்னலோரம் நின்று, எனக்கு வந்ததும் டிபிதான் என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கதவு திறந்தது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அட்டையை வாங்கி அன்றைய மாத்திரையை விழுங்கினார். சம்பா நடவு முடிவதற்குள் முழுக்கக் குணமாகிவிட்டார்.

இப்போதெல்லாம் நர்ஸ் சொல்லிப் புதிதாக யாரையாவது பார்க்கப் போனால் ஸ்கூட்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுகிறேன். உள்ளே போய் உட்கார்ந்து, எனக்கும் வந்தது என்று முதலில் சொல்கிறேன். மாத்திரை போட்டாச்சா என்று கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.