பெயருக்குப் பதில் ஒரு கோடு

இதை யாருக்கும் காட்டாதீர்கள். இந்தக் குழுவில் நாம் ஐந்து பேர்தான்... ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம், வேறு எங்கும் அனுப்ப வேண்டாம். ஒரே ஒரு ஆளுக்கு அனுப்பியதால்தான் நான் இப்போது போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புகையின் மணம்தான் ஞாபகம் வருகிறது. மேடைக்குக் கீழே மெஷின் வைத்து விடுவார்களே, அந்த வெள்ளைப் புகை. சீனிப்பாகு தீய்ந்தது போல ஒரு மணம்... அதோடு மல்லிகையும் புதுச் சேலையும்.

எனக்குப் பன்னிரண்டு வயது. என் சாமத்திய வீடு, பெரியபிள்ளையானதற்கான விழா. ஜெர்மனியில், வுப்பர்டாலில் ஒரு விளையாட்டு மண்டபம். தரையில் கூடைப்பந்துக் கோடுகளை மறைக்கச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள்.

நான்கு மாமாமார் என்னைப் பல்லக்கில் தூக்கினார்கள். வீடியோக்காரருக்குப் பார்க்கிங் கிடைக்கவில்லை. அவர் வரும்வரை பல்லக்கு வாசலிலேயே நின்றது. மழை தூறியது. அப்பா வேட்டியோடு ஓடி வந்து, என் நெற்றிச்சுட்டியை நேராக்கி, காதுக்குள் சொன்னார்.

"குனியாதை பிள்ளை, கமரா பாக்குது."

நான் நிமிர்ந்தேன். அன்றைக்கு எனக்கு வெட்கமே இல்லை. பெருமையாகத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

நான்கு வருடம் போய்விட்டது. இந்த வருடம் ஆங்கில வகுப்பில் முன்னூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கவிஞரைப் படித்தோம். பணக்காரர்களின் சின்னச் சண்டைகளைப் பெரிய யுத்தம் போல, இரண்டிரண்டு வரியாகப் பாடிச் சிரிக்க வைத்தவர். அந்தக் காலத்தில் கேலி எழுதுகிறவர்கள் பெயரை எழுத மாட்டார்களாம். அந்த இடத்தில் ஒரு கோடு. வாசிக்கிறவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள் என்று ஆசிரியை சொன்னார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும்.

வீட்டுப்பாடம்: உங்கள் வாழ்க்கையில் ஒரு சின்ன விஷயத்தை இப்படி எழுதுங்கள்.

நான் என் பல்லக்கை எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் தமிழிலும் எழுதிப் பார்த்தேன்...

*பார்புகழும் பேரரசி பல்லக்கில் வந்தாளாம்,*
*பார்க்கிங் கிடைக்காமல் பாதிவழி நின்றாளாம்.*

இப்படி நாற்பது வரி. அரசியின் பெயர் வருகிற இடத்தில் ஒரு கோடு. கனடாவில் இருக்கும் மச்சாளுக்கு மட்டும் அனுப்பினேன். சிரிக்கத்தான்.

நான்காம் நாள் அது திரும்பி வந்தது. பலமுறை அனுப்பப்பட்டது என்ற அடையாளத்தோடு, அப்பாவின் ஃபோனுக்கு.

அப்பா எதையும் வாய்விட்டுத்தான் வாசிப்பார். மேசையில் புட்டு. ஒரு கையில் ஃபோன். வாசித்து வாசித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"இது யோகன்ரை வீட்டு விழாதான். அச்சொட்டா எழுதியிருக்கிறான். ஆரெண்டு தெரிஞ்சால் கை குடுப்பன்."

யோகன் மாமா அபியின் அப்பா. அபி தமிழ்ப் பள்ளியில் என் பக்கத்தில் இருப்பவள். மண்டபம் கிடைக்காமல் தள்ளிப்போன அவளுடைய விழா போன மாதம்தான் நடந்தது. அதே பல்லக்கு. அதே வீடியோக்காரர். அவர் அன்றைக்கும் பிந்தித்தான் வந்தார்.

அம்மா சொன்னா, "ஏன், எங்கடை பல்லக்கு நிக்கேல்லையோ? நானும் நனைஞ்சனான்."

"எங்கடை வேறை. எங்கடையிலை ஒரு ஒழுங்கு இருந்தது."

அவருடைய விழாவை அவரே வாசிக்கிறார். அவருக்குத் தெரியவில்லை. பாதியில் யாரோ அழைத்தார்கள். எழுந்து போய், "வாசிச்சனியோ, யோகன்ரை கதையை?" என்று அந்த ஆளோடும் சிரித்தார்.

எனக்கு உடனே வாயைத் திறக்க ஏலாமல் போய்விட்டது. அதுதான் என் பிழை. கோட்டில் பெயர் இல்லை, ஆகவே யாருக்கும் நோகாது என்று நினைத்தேன்... ஊர் முழுக்க ஒரே பெயரை எழுதிவிட்டது.

போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு அபி வந்தாள். கொப்பியைத் திறக்கவில்லை.

"அம்மா படத்தைக் கழட்டிப் போட்டா," என்றாள்.

"எந்தப் படம்?"

"பல்லக்குப் படம். சோஃபாவுக்கு மேலை இருந்ததே, பெரிசு. இப்ப சுவரிலை வெள்ளையா ஒரு சதுரம்தான் கிடக்கு. அப்பா கோயிலுக்கும் வாறேல்லை. சனம் பாத்துச் சிரிக்குதாம்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீ சிரிச்சனியோ?"

"இல்லை," என்றேன்.

நான் எழுதும்போது எவ்வளவு சிரித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

நாளை சனிக்கிழமை. அபியிடம் சொல்லப் போகிறேன், அது உன் விழா இல்லை, என்னுடையது என்று. சொன்னால் அவர்கள் வீட்டுச் சுவருக்குப் படம் திரும்பி வரும். ஆனால் அன்றைக்கே அப்பாவுக்கும் தெரிந்துவிடும்... மழையில் வேட்டியோடு ஓடி வந்தவரை அவருடைய பிள்ளையே ஊருக்குச் சிரிக்கக் கொடுத்தாள் என்று. அவர் இன்னும் கடைசி வரைக்கும் வாசிக்கவில்லை. கடைசி இரண்டு வரி இதுதான்:

*வில்லில்லை, வாளில்லை, வேந்தருக்குக் கவலை ஒன்றே:*
*"குனியாதை பிள்ளை, கமரா பாக்குது" என்றே.*

அதை அவரும் நானும் தவிர வேறு யாரும் கேட்டதில்லை.

அப்போது அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்னை உலகமே பார்க்கிறது என்று நினைத்தேன். இப்போது யாரும் பார்க்கக் கூடாது என்று போர்வையை இழுத்து...

பொறுங்கள்.

குசினியில் வெளிச்சம் இருக்கிறது. அப்பா வாசிக்கிறார். வில்லில்லை, வாளில்லை... மெதுவாக. சிரிப்பு இல்லை. அடுத்த வரிக்குக் குரல் வரவில்லை.

கதிரை தரையில் இழுபடுகிறது, எழும்பிவிட்டார்.

கதவைத் தட்டுகிறார். "பிள்ளை..."